கடலூர், பாண்டில இருந்து தீம் பார்க் போறீங்களா? ரூம், சாப்பாடு பத்தி எல்லாரும் கேக்குற கேள்விகள்

மே மாசம் நெருங்குனாலே, காலாண்டு லீவு வந்தாலே சொந்தக்காரங்க, எதிர்வீட்டு அக்கா, பசங்க ஸ்கூல் அம்மாங்க எல்லாரும் ஃபோன் போட்டு இதையேதான் கேக்குறாங்க, சரின்னு மொத்தமா எழுதி வச்சிட்டேன். எந்த ரைடு நல்லாருக்கும்னு இதுல கிடையாது, அத உங்க பசங்களே யூடியூப்ல பாத்து மனப்பாடமா வச்சிருப்பாங்க. எங்க தங்குறது, என்னத்த சாப்புடுறது, அது ரெண்டு மட்டும்தான்.

நம்ம பக்கத்துல எந்த பார்க்கெல்லாம் இருக்கு, எவ்ளோ தூரம்?

கடலூர்லயும் பாண்டிலயும் பெருசா ஒண்ணும் இல்ல, ஈசிஆர் புடிச்சு சென்னை பக்கம்தான் போகணும். முட்டுக்காட்டுல எம்ஜிஎம், அதுக்கும் மேல இஞ்சம்பாக்கத்துல விஜிபி, இது ரெண்டும் ஈசிஆர் ரோட்டு மேலயே இருக்கு. 2025 டிசம்பர்ல வண்டர்லா திறந்துட்டாங்க, அது ஓஎம்ஆர் பக்கம், திருப்போரூர் கிட்ட இள்ளலூர்ல. கடலூர்ல இருந்து பாண்டி 25 கிலோமீட்டர், பாண்டில இருந்து மாமல்லபுரம் கிட்டத்தட்ட 95, அங்கருந்து திருப்போரூர் ஒரு 15, முட்டுக்காடு ஒரு 20. அதாவது எந்த பார்க்குக்கு போனாலும் மாமல்லபுரத்த தாண்டித்தான் போகணும், இத மனசுல வச்சிக்கோங்க, ரூம் பத்தி பேசும்போது தேவைப்படும்.

ஒரே நாள்ல போய்ட்டு வந்துடலாமே, எதுக்கு தண்டமா ரூம் போடணும்?

போறது ஒண்ணும் பிரச்சனை இல்ல. பார்க்கெல்லாம் காலைல 10, 11 மணிக்கு மேலதான் திறக்குறாங்க, கடலூர்ல 6 மணிக்கு கெளம்புனா மரக்காணம் பக்கம் டிபன் சாப்ட்டுட்டு மெதுவா போனாலே கேட் திறக்குற நேரத்துக்கு போய்டலாம். பிரச்சனை எல்லாம் திரும்பி வர்றப்பதான். சாயந்திரம் 6, 7 மணி வரைக்கும் வெயில்லயும் தண்ணிலயும் கெடந்துட்டு, கண்ணெல்லாம் சிவந்து போய், அதே ஆளுதான் இருட்டுல 140 கிலோமீட்டர் ஸ்டியரிங் புடிக்கணும். பின்னாடி சீட்ல பசங்க, பாட்டி, பக்கத்து சீட்ல வீட்டம்மா, எல்லாரும் வண்டி கெளம்புன பத்து நிமிஷத்துல தூங்கிடுவாங்க, பேச்சுக் குடுத்து அவர முழிப்பா வச்சிக்க ஆள் இருக்காது. ஈசிஆர்ல ராத்திரி எதிர்ல வர்ற பஸ்ஸு ஹெட்லைட்டு எப்டி அடிக்கும்னு உங்களுக்கே தெரியும், ரோடு வேலை நடக்குற இடம் வேற.

அதனால நான் எல்லார்ட்டயும் சொல்றது ஒண்ணுதான், ஒரு நைட்டுக்கு மட்டும்தான் ரூம் போட காசு இருக்குன்னா பார்க் போறதுக்கு முந்தின நைட்டுக்கு போடாதீங்க, பார்க் முடிச்ச நைட்டுக்கு போடுங்க. நெறைய பேரு இத தலைகீழா பண்றாங்க, முந்தின நாளே போய் தங்கி ஃப்ரெஷ்ஷா பார்க்குக்கு போய்ட்டு அன்னிக்கு ராத்திரியே அடிச்சுப் புடிச்சு வீட்டுக்கு ஓடி வர்றாங்க. டிரைவர் போட்டு வர்றவங்க, பஸ்ல வர்றவங்க வேணா ஒரே நாள்ல முடிச்சுக்கலாம், ஆனா வாடகை வண்டி டிரைவர் பகல்ல எங்கயாச்சும் நிழல்ல படுத்துத் தூங்கணும், அவருக்கு சாப்பாட்டுக்கு தனியா காசு குடுத்துடுங்க, வண்டியக் காவல் காக்க சொல்லிட்டுப் போகாதீங்க.

சரி, அப்ப எங்க தங்குறது? ரிசார்ட்டா, லாட்ஜா?

மாமல்லபுரம். வேற எதுவும் யோசிக்க வேணாம். பார்க்ல இருந்து அரை மணி நேரம், முக்கால் மணி நேரத்துல வந்துடலாம், அதுவும் நம்ம ஊரு திசைலயே வர்றோம், மறுநாள் காலைல மிச்ச தூரம் மட்டும்தான். சின்ன லாட்ஜுல இருந்து தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழக ஓட்டல், பெரிய பீச் ரிசார்ட்டு வரைக்கும் எல்லா விலைலயும் கெடைக்கும். மறுநாள் காலைல கடற்கரைக் கோயில், அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை பாத்துட்டு மதிய சாப்பாட்டுக்கு பாண்டி வந்துடலாம், பசங்க ஹிஸ்டரி புக்குல இருக்கறத நேர்ல பாத்த மாதிரியும் ஆச்சு. வெயில் ஏறுறதுக்குள்ள பாருங்க, பாறையெல்லாம் 10 மணிக்கு மேல கால் வைக்க முடியாது.

ஈசிஆர் ரிசார்ட்டு அழகாதான் இருக்கும், ஆனா அங்க குடுக்குற காசு நீச்சல் குளத்துக்கும் பீச்சுக்கும்தான். நாள் பூரா தண்ணில ஊறிட்டு வர்ற பசங்க ராத்திரி 8 மணிக்கு குளத்துல எங்க குதிக்கப் போறாங்க? ரெண்டு நைட்டு தங்குறவங்களுக்கு ரிசார்ட்டு சரி. அப்புறம் இந்த பீச் ஹவுஸ்னு மொத்தமா வாடகைக்கு விடுறாங்களே, அதுல குழந்தைங்கள வச்சிட்டு தங்குறதுன்னா வெளிக் கேட், காம்பவுண்டு இருக்கான்னு பாத்துட்டு எடுங்க, அந்தக் கடல் நம்ம சில்வர் பீச் மாதிரியேதான், பாக்க சாதுவா இருக்கும், உள்ள இழுக்கும்.

சென்னைல சித்தப்பா வீடு இருக்கு, மாமா வீடு இருக்குன்னு சொல்றவங்களுக்கு, தாராளமா போங்க, ஆனா அவங்க வீடு அம்பத்தூர்லயோ ஆவடிலயோ இருந்தா சாயந்திர டிராஃபிக்ல அங்க போற நேரத்துக்கு நீங்க கடலூருக்கே வந்துடலாம்.

ரூம் புக் பண்ணும்போது என்னென்ன கேக்கணும்?

ஃபோட்டோவ பாத்துட்டு பணம் கட்டிடாதீங்க, ஓட்டலுக்கே ஒரு ஃபோன் போடுங்க. ரேட்டு பக்கத்துல ஈபி, சிபின்னு போட்டிருப்பாங்க, ஈபின்னா ரூம் மட்டும், சிபின்னா காலை டிபனோட, எம்ஏபின்னா டிபனும் இன்னொரு வேளை சாப்பாடும், ஏபின்னா மூணு வேளையும். நமக்கு சிபிதான் சரி, ஏன்னா ராத்திரி எத்தன மணிக்கு வருவோம்னு தெரியாது, மூணு வேளைக்கும் காசு கட்டிட்டு மத்தியானம் பார்க்ல இருந்தா அந்தக் காசு போச்சு. டிபன் எத்தன பேருக்குன்னு கேளுங்க, ரெண்டு பேருக்குத்தான்னு சொல்லிட்டு பசங்களுக்கு கவுண்டர்ல தனியா பில் போடுற இடமெல்லாம் இருக்கு.

எக்ஸ்ட்ரா பெட்டுன்னா கட்டிலா, தரைல போடுற மெத்தையான்னு கேளுங்க, எத்தன வயசு வரைக்கும் பசங்களுக்கு ஃப்ரீன்னும் கேளுங்க, அது ஓட்டலுக்கு ஓட்டல் மாறும். வயசானவங்க இருந்தா லிஃப்ட்டு இல்லாத இடத்துல கீழ் ரூமா கேட்டு வாங்குங்க. முக்கியமா, ராத்திரி 8 மணிக்கு மேலதான் வருவோம்னு முன்னாடியே சொல்லிடுங்க, சொல்லலன்னா லீவு சீசன்ல ரூம வேற ஆளுக்கு தூக்கிக் குடுத்துடுவாங்க. எங்களுக்கு வேண்டப்பட்ட ஒருத்தருக்கு அப்டித்தான் ஆச்சு, கன்ஃபர்ம் மெசேஜ் கைல வச்சிட்டே ரிசப்ஷன்ல நின்னுட்டு இருந்தாரு.

துணி காயப் போட பால்கனியோ மொட்டை மாடியோ இருக்கான்னு கேக்க மறந்துடாதீங்க, நாலு பேரோட ஈரத் துணியும் பாத்ரூம் கம்பில தொங்குனா காலைலயும் ஈரமாத்தான் இருக்கும்.

ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22ல இருந்து, ஒரு நாளைக்கு 7,500 ரூபா வரைக்கும் உள்ள ரூமுக்கு 5 சதவீதம், அதுக்கு மேல போனா 18. இன்னமும் 12 சதவீதம்னு பழைய கணக்கு சொன்னா கேள்வி கேளுங்க. பெரியவங்க எல்லார் ஆதாரும் கேப்பாங்க, ஒருத்தரோடது மட்டும் போதாது.

எந்த நாள்ல போனா ரூம் மலிவு?

வெள்ளி, சனி நைட்டு ஈசிஆர் பூரா சென்னைக்காரங்க வந்துடுவாங்க, ரேட்டு ஏறிடும். ஞாயித்துக்கிழமை நைட்டுல இருந்து இறங்கும். பசங்களுக்கு லீவு இருக்குற வாரத்துல செவ்வாய், புதன் பாத்து போங்க, பார்க்லயும் கூட்டம் கம்மி. ஞாயித்துக்கிழமைதான் லீவு கெடைக்கும்னா ஞாயிறு பார்க், ஞாயிறு நைட்டு ரூம், திங்கக்கிழமை ஒரு நாள் மட்டும் ஸ்கூலுக்கு லீவு சொல்லிடுங்க, குடி முழுகிடாது.

நவம்பர், டிசம்பர்ல போறவங்க கேன்சல் பண்ணா பணம் திரும்ப வர்ற ரூமா பாத்து போடுங்க, கொஞ்சம் கூட ஆனாலும் பரவால்ல. தானே புயல் வந்தது 2011 டிசம்பர் 30, ஃபெஞ்சல் புயல் வந்தது 2024 நவம்பர் 30, ரெண்டும் நம்ம கடக்கரைலதான் ஏறுச்சு, இத நம்ம ஊர்க்காரங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல.

வீட்ல இருந்து சாப்பாடு கட்டி எடுத்துட்டு போலாமா?

வழிக்கு எடுத்துட்டு போங்க, பார்க்குக்குள்ள விடமாட்டாங்க. வண்டர்லா மாதிரி பெரிய பார்க்ல வெளி சாப்பாடு கூடாது, கேட்லயே பைய திறந்து பாப்பாங்க, கைக்குழந்தை சாப்பாட்டுக்கும் உடம்புக்கு முடியாதவங்களுக்கும் மட்டும்தான் விதிவிலக்கு. மத்த பார்க்ல போறதுக்கு முந்தின நாள் ஃபோன்ல கேட்டுடுங்க. கார்ல வச்சிட்டு மத்தியானம் வெளில வந்து சாப்ட்டுட்டு திரும்ப உள்ள போலாம்னு ஒரு ஐடியா எல்லாருக்கும் வரும். வெளில போனா திரும்ப விடுவாங்களான்னு கேட்லயே கேளுங்க, அப்டியே விட்டாலும் மே மாச வெயில்ல மூடி நிறுத்துன கார்க்குள்ள காலைல இருந்து வெந்துட்டு இருக்குற தயிர் சாதத்த குழந்தைக்கு குடுக்காதீங்க. சமைச்ச சாப்பாட ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளில வைக்கக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, அதுவும் சாதாரண ரூம் சூட்டுக்கு சொன்னது, வெயில்ல நிக்கிற காருக்கு இல்ல.

அப்ப வழிக்கு என்ன கட்டுறது?

இது எனக்கு புடிச்ச கேள்வி. காலைல கெளம்பும்போது இட்லிக்கு மொளகாப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழை எலைல மடிச்சு எடுத்துட்டு போங்க, சட்னி வேணாம், தேங்கா சட்னிதான் மொதல்ல கெடும், வண்டில சிந்தும் வேற. தக்காளித் தொக்கும் சப்பாத்தியும் நல்லது. புளிசாதம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், புளியும் எண்ணெயும் இருக்கறதால தாங்கும், ஆனா சாதத்த நல்லா ஆற வச்சுக் கிளறணும், சூட்டோட டப்பால போட்டு மூடுனா வேர்த்துப் போய்டும். முட்டை அவிச்சா ஓட்டோட எடுத்துட்டு போய் காலைலயே முடிச்சுடுங்க.

காஞ்ச பண்டம் ஒரு டப்பா தனியா வேணும், முறுக்கு, கடலை உருண்டை, பண்ருட்டி முந்திரிய லேசா உப்பு மொளகுத்தூள் போட்டு வறுத்தது. இது ராத்திரி ரூமுக்கு. பத்து மணிக்கு பசங்க பசிக்குதுன்னு எழுந்து உக்காருவாங்க, அப்ப லாட்ஜுல கிச்சன் மூடியிருக்கும்.

வெயில் காலத்துல மரக்காணம் தாண்டி ரோட்டோரம் நொங்கு விப்பாங்க, போறப்பவே வாங்கி அங்கயே நின்னு சாப்டுங்க, வர்றப்ப வாங்கிக்கலாம்னு வச்சா கெடைக்காது. மாம்பழம் வேணாம், கார் சீட்டு பாவம்.

பார்க்குக்குள்ள சாப்பாடு விலை ரொம்ப ஜாஸ்தியா? எப்ப சாப்புடணும்?

வெளில விக்கிறதவிட ஜாஸ்திதான், அது தெரிஞ்சதுதானே. அதுக்கு வழி, காலைல வெளில கனமா சாப்ட்டுட்டு உள்ள ஒரே ஒரு வேளை ஒழுங்கா சாப்புடுறது. பஜ்ஜி, ஐஸ்க்ரீம், பாப்கார்ன், ஜூஸ்னு அரை மணிக்கு ஒருக்கா வாங்குறதுலதான் காசு கரையுது, ஒரு ஃபுல் மீல்ஸுக்கு குடுக்குறது அதுல பாதிகூட இருக்காது. பசங்க கைல ஆளுக்கு இவ்ளோன்னு நொறுக்குத் தீனி காச காலைலயே குடுத்துடுங்க, அவங்க காசுன்னு ஆயிட்டா நம்பள விட கஞ்சமா செலவு பண்ணுவாங்க, எங்க வீட்ல நல்லா வேலை செய்யுது.

நேரம்தான் முக்கியம். ஒண்ணுல இருந்து ரெண்டரை வரைக்கும் எல்லா ஓட்டல்லயும் கூட்டம் நெரியும், நீங்க 12 மணிக்கே சாப்ட்டுடுங்க, எல்லாரும் சாப்புடப் போறப்ப ரைடுல வரிசை குறையும், அப்ப போய் நில்லுங்க. ஆனா சாப்ட்ட உடனே சுத்துற ரைடுல ஏத்தாதீங்க, எண்ணெய்ல பொரிச்சதும் பிரியாணியும் செரிக்க நேரம் எடுக்கும், வாந்தி எடுத்தா அன்னிக்கு பூரா அந்தக் குழந்தைக்கு எதுவுமே இறங்காது. முக்கால் மணி நேரமாச்சும் ரயில், பொம்மை ஷோ மாதிரி சும்மா உக்காந்து பாக்குறதுக்கு கூட்டிட்டு போங்க. இன்னொண்ணு, தண்ணில இறங்குறதுக்கு முன்னாடியே சாப்ட்டுடுங்க, ஈரத் துணியோட ஏசி ஹாலுக்குள்ள விடமாட்டாங்க, விட்டாலும் பசங்க நடுங்குவாங்க.

காலி பாட்டில் எடுத்துட்டு போங்க, குடிதண்ணி குழாய் இருக்கும். தண்ணிலயே இருக்கறதால தாகம் தெரியாது, ஆனா வெயில் உறிஞ்சிட்டேதான் இருக்கும், அரை மணிக்கு ஒருக்கா கூப்ட்டு குடிக்க வைங்க. ஓஆர்எஸ் வேணும்னா மெடிக்கல்ல பாக்கெட்டா வாங்கி, பாக்கெட் மேல எவ்ளோ தண்ணின்னு போட்டிருக்கோ அவ்ளோ தண்ணில ஒரு பாக்கெட் முழுசா கரைங்க, அரை பாட்டில்ல முழு பாக்கெட் கொட்டக்கூடாது. டெட்ரா பேக்ல இனிப்பா வந்துட்டு இருந்தது பாதி ஓஆர்எஸ்ஸே இல்ல, 2025 அக்டோபர்ல உணவுத் தரத்த பாக்குற மத்திய அரசு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐ அந்தப் பேர போடக்கூடாதுன்னு சொல்லிடுச்சு.

கைக்குழந்தை இருக்கு, என்ன பண்றது?

ஃப்ளாஸ்க்ல வெந்நீர், பால் பவுடர், வீட்ல அரைச்ச சத்துமாவு, நேந்திரம்பழம். கேட்ல குழந்தைய காட்டுனா விட்டுடுவாங்க. பால் கரைச்சு வச்சிட்டு போகாதீங்க, அப்பப்ப கலக்குங்க. ரூம்ல கெட்டில் இருந்தா மொதல்ல ஒருக்கா தண்ணி கொதிக்க வச்சு கீழ ஊத்திட்டு அப்புறம் யூஸ் பண்ணுங்க, முன்னாடி இருந்தவங்க அதுல என்ன அவிச்சாங்களோ, முட்டையும் நூடுல்ஸும் வேக வச்ச கதையெல்லாம் கேட்டிருக்கேன்.

மாமியார் சுத்த சைவம், சுகர் வேற. அவங்களுக்கு?

மாமல்லபுரத்துல பஸ் ஸ்டாண்ட் பக்கமே சைவ ஓட்டல் இருக்கு, கவலை வேணாம். பார்க்குக்குள்ளதான் சைவமும் அசைவமும் ஒரே கவுண்டர்ல குடுக்குற இடம் இருக்கும், அவங்களுக்கு மனசு ஒப்பாது, அத முன்னாடியே சொல்லிக் கூட்டிட்டு போங்க. சுகர் மாத்திரை, இன்சுலின் போடுறவங்க நேரம் தள்ளி சாப்புடக்கூடாது, டாக்டர் சீட்டு ஒரு காப்பி கைல வச்சிட்டு, மருத்துவ காரணம்னு சொல்லி அவங்களுக்கு மட்டும் சாப்பாடு எடுத்துட்டு போலாமான்னு கேளுங்க. நிஜமா கேட்டா அவங்களுக்கு பார்க்கே வேணாம், ரூம்ல ஃபேன் போட்டுட்டு படுக்கணும், சாயந்திரம் கடல் பாக்கணும், அவ்ளோதான். அப்ப மட்டும் முந்தின நைட்டும் சேத்து ரெண்டு நைட்டு ரூம் போடுறதுல அர்த்தம் இருக்கு.

வேன் புடிச்சு 20 பேர் போறோம், அடுப்பு எடுத்துட்டு போய் சமைச்சுக்கலாமா?

நம்ம பக்கம் வேன்ல பாத்திரம் பண்டத்தோட போய் மரத்தடில சமைக்கிறது வழக்கம்தான், ஆனா சிலிண்டர ஆளுங்க உக்கார்ற வண்டிக்குள்ள வச்சிட்டு போகாதீங்க, லாட்ஜு ரூம்ல அடுப்பு பத்த வைக்கவே வைக்காதீங்க. 2023 ஆகஸ்ட்ல மதுரைல நின்னுட்டு இருந்த ரயில் பெட்டில சிலிண்டர் வச்சு டீ போட்டு 9 பேர் செத்துப்போனாங்க. 20 பேர்னா ஒரு சின்ன மெஸ்ல முந்தின நாளே ஃபோன் பண்ணி ராத்திரிக்கு இட்லி, இடியாப்பம், குருமா சொல்லி வச்சிடுங்க, அடுப்பு தூக்கிட்டு போற செலவ விட பெருசா ஆவாது. ரூமுக்கு டார்மிட்டரி கேளுங்க, இல்லன்னா பொம்பளைங்களுக்கு தனி, ஆம்பளைங்களுக்கு தனின்னு ரெண்டு பெரிய ரூம்.

ராத்திரி மாமல்லபுரத்துல மீன் சாப்புடலாமா?

சாப்டுங்க, ஆனா தட்டுல எறாவும் சிங்கி எறாவும் அடுக்கி வச்சு எது வேணும்னு காட்டுவாங்க, அப்பவே கிலோ என்ன விலை, இது எத்தன கிராம், சமையல் கூலி சேத்தா சேக்காமலான்னு கேட்டுடுங்க. கடலூர் முதுநகர் துறைமுகத்துல மீன் வாங்கிப் பழகுனவங்களுக்கு அந்த பில்ல பாத்தா நெஞ்சு அடைக்கும். எனக்கென்னமோ களைச்சு வந்த ராத்திரில பசங்களுக்கு தோசையும் பாலும் போதும்.

பில்லுல சர்வீஸ் சார்ஜ் போடுறாங்க, தண்ணி பாட்டில் எம்ஆர்பிக்கு மேல விக்கிறாங்க, கேக்கலாமா?

சர்வீஸ் சார்ஜ் கேக்கலாம். கேக்காமலே பில்லுல சேக்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலைல சொல்லிச்சு, 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் அது சரின்னு சொல்லிடுச்சு. எடுக்கச் சொல்லுங்க, எடுக்கலன்னா நுகர்வோர் உதவி எண் 1915க்கு ஃபோன் போடுங்க. தண்ணி பாட்டில் விஷயம் வேற, ஓட்டல்ல உக்கார வச்சு பரிமாறும்போது எம்ஆர்பிக்கு மேல வாங்கலாம்னு 2017ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு, அங்க சண்ட போட்டு பிரயோஜனம் இல்ல. சும்மா கடைல வாங்குனா எம்ஆர்பிதான்.

பாண்டில இருந்து ரெண்டு பாட்டில் எடுத்துட்டு போலாமான்னு வீட்டுக்காரர் கேக்குறாரு.

கூடாதுன்னு சொல்லுங்க. பாண்டி சரக்க தமிழ்நாட்டுக்குள்ள கொண்டு போறது மதுவிலக்கு சட்டப்படி குற்றம், ஈசிஆர்ல செக்போஸ்ட்டுல வண்டிய ஓரங்கட்டுனா பசங்க முன்னாடி மானம் போகும். பார்க்லயும் குடிச்சிட்டு வந்தா உள்ள விடமாட்டாங்க.

பெங்களூரு வண்டர்லாவுக்கு போகணும்னு பசங்க அடம் புடிக்கிறாங்க, அதுக்கும் இதே கணக்குதானா?

இல்ல, அது வேற கணக்கு. பாண்டில இருந்து திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியா 300 கிலோமீட்டருக்கு மேல, பார்க்கு பெங்களூரையும் தாண்டி மைசூர் ரோட்டுல பிடதில இருக்கு. அங்க முந்தின நைட்டும் வேணும், பார்க் முடிச்ச நைட்டும் வேணும். ஊருக்குள்ள ரூம் போட்டா டிராஃபிக்லயே பாதி நாள் போய்டும், எலக்ட்ரானிக் சிட்டி கிட்ட நைஸ் ரோடுங்கற டோல் ரோடு புடிச்சு மைசூர் ரோட்டுக்கு வந்து கெங்கேரி, பிடதி பக்கமே தங்குங்க. பார்க்க ஒட்டியே அவங்க ரிசார்ட்டும் இருக்கு, 2012ல கட்டுனது, காசு ஜாஸ்தி, ஆனா வயசானவங்க நடுவுல போய்ப் படுத்துக்கலாம், வண்டியே எடுக்க வேணாம்.

ரயில்னா கடலூர் துறைமுகம் ஜங்ஷன்ல இருந்து மைசூர் எக்ஸ்பிரஸ் இருக்கு, முன்னாடி மயிலாடுதுறையோட நின்னது. கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சின்னு சுத்திட்டு போகும், ராத்திரிப் பயணம். இதுல ஒரு சிக்கல், விடியக்காலைல பெங்களூருல இறங்குவீங்க, பார்க் 11 மணிக்குத்தான் திறக்கும், ஓட்டல்ல 12க்கு முன்னாடி ரூம் குடுக்க மாட்டாங்க. அதனால ஸ்டேஷன்லயே ரிடயரிங் ரூம் கெடைக்குதான்னு ஐஆர்சிடிசில டிக்கெட் போட்ட அன்னிக்கே பாருங்க, குளிச்சு டிபன் முடிச்சுட்டு மெஜஸ்டிக்ல பர்ப்பிள் லைன் மெட்ரோ ஏறுனா செல்லகட்டா வரைக்கும் போகும், அங்கருந்து பிடதிக்கு பஸ்ஸோ டாக்ஸியோ. ரிடயரிங் ரூம் கெடைக்கலன்னா பிடதி பக்கம் போட்ட ஓட்டலுக்கு ஃபோன் போட்டு, ரூம் இல்லன்னாலும் பரவால்ல, லக்கேஜ் வச்சிட்டு ஒரு பாத்ரூம் மட்டும் குடுப்பீங்களான்னு கேளுங்க, முன்னாடியே கேட்டா பெரும்பாலும் சரின்னுடுவாங்க.